வளாகப் பாதுகாப்பு ஆய்வு: 12 லட்சத்தையும் கேமராவில் போடச் சொல்கிறார்கள், சரியா?

ஏழாம்_பீரியட் கேட்டது:

சென்னைப் புறநகரில் ஒரு கலை அறிவியல் கல்லூரி. 18 ஏக்கர், சுற்றுச்சுவர் சுமார் 1,150 மீட்டர், 3 கேட். இரண்டு ஷிஃப்ட்டும் சேர்த்து 3,800 மாணவர்கள். மாலை ஷிஃப்ட் 7:45க்கு விடும். உள்ளேயே மாணவியர் விடுதி, 260 பேர். இப்போது 44 கேமரா இருக்கிறது. செக்யூரிட்டி ஆட்கள் 12 மணி நேர ஷிஃப்ட்டில் வருகிறார்கள்.

அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 டிசம்பர் 23 இரவு ஒரு மாணவிக்கு நடந்த பாலியல் கொடுமைக்குப் பிறகு இங்கேயும் ஒரு கமிட்டி போட்டார்கள். பாதுகாப்பு ஆய்வறிக்கையை இரண்டு வாரத்தில் கொடுக்க வேண்டும். ஒதுக்கிய தொகை 12 லட்சம். அதை அப்படியே 60 புதுக் கேமராவில் போட்டுவிடலாம் என்று நிர்வாகம் சொல்கிறது. விடுதிக் கதவு அடைக்கும் நேரத்தை 8:30லிருந்து 6:30க்குக் கொண்டுவரலாம் என்றும் ஒரு யோசனை ஓடுகிறது. பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு இருக்கிறது, அறிவிப்புப் பலகையில்.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: 60 கேமரா தேவையா? வேறு எதை முதலில் செய்ய வேண்டும்? "விழிப்புணர்வு ஏற்படுத்துங்கள்" மாதிரி பதில் வேண்டாம், அது எங்களுக்கே நன்றாக எழுத வரும்.

---

லக்ஸ்மீட்டர் பதில்:

கேமராவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் சார். முதல் வேலை, இரவு 7 மணிக்கு வளாகத்தை நடந்து பார்ப்பது. பகலில் நடந்தால் ஒன்றும் தெரியாது. விடுதி மாணவியர் இரண்டு பேர், மாலை ஷிஃப்ட் மாணவர் ஒருவர், எலக்ட்ரீஷியன், கூடவே காலையில் பெருக்கும் அம்மாக்களில் ஒருவர். கடைசி ஆளை விட்டுவிடாதீர்கள். எந்தச் சந்தில் காலி பாட்டில் கிடக்கிறது, எந்த மரத்தடியில் சிகரெட் துண்டு குவிகிறது என்று கமிட்டியில் வேறு யாருக்கும் தெரியாது. ஆள் உட்காரும் இடமும் சுவர் ஏறும் இடமும் பெரும்பாலும் அதற்கு அருகில்தான் இருக்கும்.

கையில் ஒரு லக்ஸ் மீட்டர் (வெளிச்சத்தை அளக்கும் கருவி) வேண்டும். போனில் இருக்கும் ஆப் ஒரு போனுக்கு ஒரு கணக்குக் காட்டும், நம்ப முடியாது. ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும், இரண்டு கம்பத்துக்கு நடுவிலும் தரையில் அளந்து எழுதுங்கள். நடைபாதையில் சராசரி 10 லக்ஸ் குறி வையுங்கள். சராசரியை விட முக்கியம், மிக இருட்டான இடம் சராசரியில் 40 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. கம்பத்தடியில் 40 லக்ஸ், நடுவில் 1 லக்ஸ் என்றால் அது இருட்டுப் பாதைதான். வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்கு அடுத்த இருட்டில் நிற்பவன் தெரியமாட்டான். அவனுக்கு நீங்கள் நன்றாகத் தெரிவீர்கள். அதே இடங்களில் மீட்டரை முக உயரத்தில் செங்குத்தாகப் பிடித்தும் ஒரு அளவு எடுங்கள். எதிரில் வருபவர் முகம் நாலைந்து மீட்டரில் அடையாளம் தெரிய வேண்டும்.

விளக்கு எரியாததற்குக் காரணம் எப்போதும் பல்ப் இல்லை. அடிக்கடி பார்க்கிற மூன்று:

டைமர். ஜூலையில் சென்னையில் சூரியன் மறைய 6:35 தாண்டும். நவம்பர் கடைசியில் 5:40க்கெல்லாம் மறைந்துவிடும், மழை மேகம் இருந்தால் 5:15க்கே இருட்டு. டைமரை ஜூனில் 6:30க்கு வைத்துவிட்டு யாரும் தொடாமல் விட்டால், நவம்பரில் தினமும் ஒரு மணி நேரம் இருட்டில் நடக்கிறார்கள். தேதியை வைத்துத் தானே மாற்றிக்கொள்ளும் டைமர் கிடைக்கிறது. போட்டோசெல் (வெளிச்சத்தைப் பார்த்து விளக்கை இயக்கும் சென்சார்) போட்டால் அது இன்னொரு விளக்கின் வெளிச்சம் படாத இடத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் எரிந்து அணைந்து விளையாடும்.

மரம். தூங்குமூஞ்சியும் வேம்பும் வளர்ந்து விளக்கை விழுங்கிவிடும். மேலே ஜெகஜ்ஜோதியாக இருக்கும், கீழே இருட்டு. மரத்தை வெட்டாதீர்கள், விளக்குக் கையைக் கிளைக்குக் கீழே இறக்கிப் பொருத்துங்கள், 4 மீட்டர் உயரம் போதும். பாதை ஓரப் புதர் முழங்கால் உயரம், மரத்தின் தாழ்ந்த கிளை இரண்டரை மீட்டருக்கு மேல். இடைப்பட்ட உயரத்தில் பார்வை மறையக்கூடாது.

ஃபேஸ். ஒரு சாலையின் எல்லாக் கம்பமும் ஒரே ஃபேஸில் (மூன்று மின் லைனில் ஒன்றில்) இருந்தால், அந்த ஃபேஸ் போனவுடன் சாலை முழுக்க இருட்டு. கம்பங்களை ஆர், ஒய், பி என்று மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒன்று போனால் மூன்றில் ஒரு விளக்குதான் அணையும். வயரிங் செய்யும்போதே சொன்னால் செலவு பெரிதாகக் கூடாது.

சுவரை உள்ளிருந்து பார்க்காமல் வெளியே ஒரு சுற்று நடந்து பாருங்கள். உள்ளே ஆறடி தெரியும். வெளியே தெரு மேடாகியிருக்கும், குப்பைத் தொட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்திருப்பார்கள், டிரான்ஸ்ஃபார்மர் மேடை இருக்கும். அங்கே அது மூன்றடிச் சுவர். தொட்டியை 3 மீட்டர் நகர்த்த மாநகராட்சிக்கு ஒரு மனு போதும், அதற்கு 12 லட்சத்தில் கை வைக்க வேண்டாம்.

அப்புறம் கழிப்பறைத் தாழ்ப்பாள். சிரிக்காதீர்கள், எத்தனை வேலை செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

---

கேபிள்காரர் பதில்:

லக்ஸ்மீட்டர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் கேமராவே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். புதுசு வாங்கும் முன் இருக்கிற 44 என்ன செய்கிறது என்று பாருங்கள். என்.வி.ஆர். (கேமராப் படங்களைப் பதிவுசெய்யும் பெட்டி) முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு கேமராவுக்கும் இதையெல்லாம் குறியுங்கள்: லைவ் வருகிறதா, பதிவாகிறதா (இரண்டும் வேறு), திரையில் காட்டும் நேரம் போன் நேரத்தோடு பொருந்துகிறதா, நேற்று இரவு 8 மணிப் பதிவில் முகம் தெரிகிறதா, கிடைக்கிற மிகப் பழைய பதிவு எந்தத் தேதி.

கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலான இடங்கள் மாட்டும். கணக்கு இதுதான்: 1 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு ஒரு மெகாபிட்) வேகத்தில் வரும் வீடியோ ஒரு நாளைக்கு 10.8 ஜி.பி. பிடிக்கும். 4 மெகாபிக்சல் கேமரா, எச்.265 (வீடியோவைச் சுருக்கும் முறை), நொடிக்கு 15 ஃபிரேம் என்றால் சுமார் 3 எம்.பி.பி.எஸ். என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கேமராவுக்கு ஒரு நாள் 32 ஜி.பி., 30 நாளுக்கு கிட்டத்தட்ட 1 டி.பி. 44 கேமராவுக்கு 43 டி.பி. வேண்டும். உள்ளே இருப்பது ஒரே ஒரு 8 டி.பி. ஹார்ட் டிஸ்க் என்றால் ஐந்தரை நாளில் பழையது அழிந்து புதியது ஏறும். பாதிக்கப்பட்ட பெண் தயங்கித் தயங்கிப் பத்தாம் நாள் புகார் கொடுக்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது. இந்த நிலையில் 60 கேமரா சேர்த்தால் ஐந்தரை நாள் இன்னும் சுருங்கும், அவ்வளவுதான் நடக்கும்.

அடுத்தது, கேமரா எவ்வளவு அகலத்தைப் பார்க்கிறது. முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் சொல்ல ஒரு மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும். ஏற்கெனவே தெரிந்த ஆளை "இவர்தான்" என்று சொல்ல 125. ஆள் நிற்கிறார் என்று கண்டுபிடிக்க மட்டும் 25 போதும். 4 மெகாபிக்சல் கேமராவின் படம் 2,560 பிக்சல் அகலம். 250ஆல் வகுத்தால் 10 மீட்டர். அதற்கு மேல் அகலமான காட்சியில் முகம் தேறாது. 60 மீட்டர் மைதானத்தை ஒரே கேமராவில் அடக்கினால் மீட்டருக்கு 42 பிக்சல். யாரோ ஓடினார்கள் என்று தெரியும். யார் என்று தெரியாது. ஆகவே முகம் பிடிக்கும் கேமராவை எல்லோரும் கடந்தே ஆக வேண்டிய குறுகிய இடத்தில் போடுங்கள்: கேட், விடுதி வாசல், மாடிப்படி, சைக்கிள் ஸ்டாண்ட் வழி. உயரம் இரண்டரை முதல் மூன்று மீட்டர். ஆறு மீட்டர் கம்பத்தின் உச்சியில் மாட்டினால் கிடைப்பது தலைமுடியும் தொப்பியும்தான்.

கேட்டில் இரவு பைக் ஹெட்லைட் நேராக அடிக்கும். டபிள்யூ.டி.ஆர். (கூசும் ஒளியையும் இருளையும் சமன்செய்யும் வசதி) இல்லாத கேமராவில் அந்த நேரம் படம் வெள்ளையாகிவிடும். இன்னொன்று சிலந்தி. இரவில் ஐ.ஆர். (அகச்சிவப்பு) ஒளிக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், லென்ஸ் முன்னால் வலை கட்டும். அந்த வலையில் ஐ.ஆர். பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளைக் கயிறாகத் தெரியும். வாரம் ஒருமுறை ஒட்டடைக் குச்சி. எந்த ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு) ஒப்பந்தத்திலும் இதை எழுதமாட்டார்கள், நீங்கள்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.

கேபிள்: ஈதர்நெட் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது, அதற்கு மேல் ஃபைபர். கொட்டேஷனில் "கேட் 6" (நெட்வொர்க் கேபிளின் தரம்) என்று மட்டும் இருந்தால் முழுச் செம்பு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பியைப் போட்டால் தொலைவில் இருக்கும் கேமராவுக்கு மின்னழுத்தம் இறங்கி, இரவில் ஐ.ஆர். எரியத் தொடங்கும் நேரம் பார்த்து ரீஸ்டார்ட் ஆகும். பகலில் சோதித்தால் எல்லாம் ஒழுங்காக ஓடும், அதனால் கண்டுபிடிக்க மாதக்கணக்காகும். யு.பி.எஸ். என்.வி.ஆருக்கு மட்டும் போதாது, வழியில் இருக்கும் ஒவ்வொரு நெட்வொர்க் சுவிட்சுக்கும் வேண்டும்.

ஒரு சம்பவம் நடந்துவிட்டால்: அந்த நாளே பதிவைத் தனி டிஸ்க்கில் எடுத்து ஹேஷ் எண் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) குறித்து வையுங்கள். திரையைப் போனில் படமெடுப்பது சாட்சியமாக நிற்காது, அது வாட்ஸ்அப்பில் கசிவதற்கு மட்டும் உதவும். நீதிமன்றத்துக்கு பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதி: பகுதி ஏ கருவிக்குப் பொறுப்பானவர், பகுதி பி வல்லுநர். கல்லூரியில் பகுதி ஏ-யில் கையெழுத்துப் போடப்போவது யார் என்று இன்றே பெயர் எழுதி வையுங்கள். என்.வி.ஆர். பாஸ்வேர்டு இரண்டு பேரிடம் மட்டும். நிறுவனம் மாட்டிவிட்டுப் போன பாஸ்வேர்டை மாற்றினீர்களா?

---

ஏழாம்_பீரியட்:

இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன். மிகப் பழைய பதிவு 6 நாள். 44இல் 9 கேமரா லைவ் காட்டுகிறது, பதிவாகவில்லை. கடிகாரம் 23 நிமிடம் பின்னால். அறிக்கையின் முதல் பக்கத்துக்கு இது போதும். புகார்க் குழு பற்றியும் விடுதி நேரம் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

---

வெளியுறுப்பினர் பதில்:

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013 மட்டும் உங்களுக்குப் போதாது, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 ஒழுங்குமுறைகளும் பொருந்தும். பலகையில் இருக்கிற பட்டியலை இதோடு ஒப்பிடுங்கள். தலைவர், மூத்த பெண் ஆசிரியர். கல்லூரியில் இணைப் பேராசிரியர் நிலைக்குக் கீழே இருக்கக்கூடாது. ஆசிரியர் இருவர், அலுவலகப் பணியாளர் இருவர். வெளியிலிருந்து ஒரு உறுப்பினர். மாணவர் சம்பந்தப்பட்ட புகாரில் மாணவப் பிரதிநிதிகள் மூவர், நியமித்தவர்கள் இல்லை, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். பதவிக்காலம் 3 ஆண்டு. பலரும் தவறவிடுவது: டீன், துறைத்தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் உறுப்பினராகக் கூடாது. பல பட்டியல்களில் முதல் பெயரே முதல்வருடையதாக இருக்கும். இந்தக் குறை இருக்கும் குழு கொடுக்கும் அறிக்கையை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் வாய்தாவிலேயே கேள்வி கேட்பார்.

கால அளவு. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்துமூலம் புகார். காரணம் பதிவுசெய்து இன்னும் 3 மாதம் குழு நீட்டிக்கலாம். புகார் வந்த 7 நாளில் எதிர்த்தரப்புக்கு நகல், அவர் 10 நாளில் பதில். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும், முடிந்த 10 நாளில் அறிக்கை, கல்லூரி 30 நாளில் நடவடிக்கை. பாதிக்கப்பட்டவர் எழுத முடியாத நிலையில் இருந்தால் தோழியோ உறவினரோ கொடுக்கலாம். சமரசம் என்பது புகார் கொடுத்தவர் கேட்டால் மட்டும். பணம் கொடுத்து முடிப்பது சமரசத்தில் வராது.

இடைக்கால ஏற்பாடு மிக முக்கியம், அதைத்தான் யாரும் செய்வதில்லை. புகார் ஓர் ஆசிரியர் மேல் என்றால், விசாரணை முடியும்வரை அந்த மாணவியின் விடைத்தாளையோ ப்ராஜெக்ட்டையோ அவர் மதிப்பிடக் கூடாது என்று குழு பரிந்துரைக்க முடியும். இன்டர்னல் மார்க் பயம்தான் பாதிப் புகாரைத் தடுக்கிறது. இதை முதல் வாரத்திலேயே எழுத்தில் கொடுங்கள்.

குழு விசாரணையும் போலீஸும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. "நாங்கள் விசாரித்து முடிக்கிறோம், அப்புறம் ஸ்டேஷன் போகலாம்" என்று சொல்வது பெரிய தவறு. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். ஆன்லைனில் கொடுத்தால் 3 நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். பாலியல் வன்முறை என்றால் ஸ்டேஷனுக்கு முன் மருத்துவமனைக்கே போகலாம், தனியார் மருத்துவமனையும் முதல் சிகிச்சையை இலவசமாகத் தர வேண்டும், மறுப்பது குற்றம். குளிக்காமல், உடையைத் துவைக்காமல் போவது நல்லது. கழற்றிய உடையைக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் அடைந்து பூஞ்சை பிடிக்கும், தடயம் கெடும்.

பெயர் விஷயம். அண்ணா பல்கலைக்கழக வழக்கில் எஃப்.ஐ.ஆரே வெளியில் கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூவர் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்தது, அந்த மாணவிக்கு அரசு 25 லட்சம் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. 2025 ஜூன் 2ஆம் தேதி மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது, 30 ஆண்டுக்குக் குறையாமல். ஐந்தே மாதத்துக்குச் சற்று மேல். வழக்கு விரைவாக முடிந்தது, கசிந்த தாள் கசிந்ததுதான். பாதிக்கப்பட்டவர் அடையாளத்தை வெளியிடுவது குற்றவியல் தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 72ஆம் பிரிவின்படி 2 ஆண்டுவரை சிறை. கல்லூரியில் அது எங்கே கசியும் என்றால்: டெஸ்பாட்ச் ரிஜிஸ்டர், பொது மின்னஞ்சல், குழுவின் வாட்ஸ்அப் குரூப். புகாருக்குத் தனிப் பதிவேடு, தனி எண். டெஸ்பாட்ச்சில் எண் மட்டும் ஏறட்டும். அந்த வாட்ஸ்அப் குரூப்பைக் கலைத்துவிடுங்கள்.

---

பழைய_வார்டன் பதில்:

6:30 யோசனையை முதலிலேயே கைவிடுங்கள் தம்பி. உங்கள் மாலை ஷிஃப்ட்டே 7:45க்குத்தான் விடுகிறது. அதில் படிக்கும் விடுதிப் பிள்ளை தினமும் "லேட்". மேலே வெளியுறுப்பினர் சொன்ன அதே 2015 ஒழுங்குமுறைகளில், பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவியர் விடுதிக்கு மட்டும் பாரபட்சமான விதி போடக் கூடாது என்று நேராகவே இருக்கிறது. அதைவிட நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. கதவை எவ்வளவு சீக்கிரம் அடைக்கிறோமோ அவ்வளவு பேர் பொய் சொல்லி வெளியே இருப்பார்கள். ஆபத்தில் மாட்டிய பெண் வார்டனுக்குப் போன் செய்யாமல் இருப்பதற்கு முதல் காரணம், "லேட்டாப் போனா வீட்டுக்குச் சொல்லிடுவாங்க" என்ற பயம். லேட் என்ட்ரி நோட்டில் பெயர், நேரம், வந்த வழி போதும். அந்த நேரத்தில் காரணம் கேட்டு நிறுத்தாதீர்கள்; பேச வேண்டியிருந்தால் மறுநாள்.

செக்யூரிட்டி கணக்கு. 12 மணி நேர ஷிஃப்ட் ஆள் விடியற்காலை 3 மணிக்குத் தூங்கத்தான் செய்வார், அவரைக் குறை சொல்ல முடியாது. 8 மணி நேரம் வையுங்கள். 3 கேட், 3 ஷிஃப்ட், 9 ஆள். வார விடுமுறையைச் சேர்த்தால் 9 பெருக்கல் 7 வகுத்தல் 6, பத்தரை, அதாவது 11 பேர். இது வெறும் கேட்டுக்கு, ரோந்துக்குத் தனி. மாலை 6க்கு மேல் ஒரு கேட்டை மூடிவிட்டால் அந்த ஆளை ரோந்துக்கு விடலாம். ரோந்தில் ஒரு பெண் காவலராவது இருக்கட்டும். ஏஜென்சியிடம் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டப்படியான உரிமத்தின் நகலையும், ஆள் ஆளாகப் போலீஸ் சரிபார்ப்பையும் வாங்குங்கள். கேன்டீன், கட்டட வேலை, ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்கும் அதே.

எல்லாவற்றையும்விட மலிவான வேலை ஒன்று: ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் எண் எழுதுங்கள். கண் உயரத்தில், மஞ்சள் பட்டையில் கறுப்பு எண், 15 செ.மீ. உயரம், இரண்டு பக்கமும். அதன் கீழே கன்ட்ரோல் ரூம் எண். "நூலகத்துக்குப் பின்னாடி, அந்த மரத்துகிட்ட" என்று பதற்றத்தில் விளக்க வேண்டியதில்லை, "கம்பம் 27" என்றால் போதும். கன்ட்ரோல் ரூம் சுவரில் கம்ப எண் போட்ட வரைபடம்.

பிறகு சோதனை. லக்ஸ்மீட்டர் கண்டுபிடிக்கும் இருட்டு இடம் ஒவ்வொன்றிலிருந்தும், முன்னறிவிப்பு இல்லாமல் இரவில் போன் செய்து கடிகாரம் பாருங்கள். 3 ரிங்குக்குள் எடுக்க வேண்டும், 3 நிமிடத்துக்குள் ஆள் வந்து நிற்க வேண்டும். 18 ஏக்கரில் தூரமான மூலை 300 மீட்டர் இருக்கும், நடந்தால் 4 நிமிடம். காவலருக்கு ஒரு சைக்கிள் கொடுத்தால் ஒன்றரை. 60 கேமராவைவிட அந்தச் சைக்கிள் பெரிது.

ஸ்விக்கி, சொமேட்டோ ஆட்களைக் குறுக்கு விசாரணை செய்து பயனில்லை. கேட்டிலேயே விளக்குப் போட்ட ஒரு ரேக், பிள்ளைகள் அங்கே வந்து எடுத்துக்கொள்ளட்டும். ராகிங் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும்: தமிழ்நாட்டில் 1997 முதல் தனிச் சட்டம் இருக்கிறது, 2 ஆண்டுவரை சிறை. மானியக் குழுவின் 2009 விதிப்படி தகவல் கிடைத்த 24 மணி நேரத்தில் கல்லூரி போலீஸுக்குப் போக வேண்டும். ராகிங் புகாருக்கான 1800-180-5522 எண்ணை மெஸ்ஸில் ஒட்டுங்கள், முதல்வர் அறை வாசலில் ஒட்டி என்ன பயன்.

---

கடைசி_பஸ் பதில்:

கேட்டுக்கு உள்ளேயே எல்லோரும் பேசுகிறீர்கள். 7:45க்கு விட்டால் பிள்ளைகள் போவது பஸ் ஸ்டாப்புக்கோ ஸ்டேஷனுக்கோ. அந்த 400, 500 மீட்டரையும் அதே லக்ஸ் மீட்டரோடு நடங்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்து சென்னை மாநகராட்சி எல்லைக்குள் 1913க்குச் சொல்லலாம். தாம்பரம், ஆவடி என்றால் அந்தந்த மாநகராட்சி. கம்ப எண் இல்லாத புகார் இழுத்துக்கொண்டே போகும்.

பறக்கும் ரயில் நிலையங்கள் சிலவற்றில் மாடியும் நடைக்கூடமும் பெரிதாகவும் ஆளில்லாமலும் இருக்கும். பிளாட்ஃபாரத்தில் இருப்பதை விட அங்கே ஏறுவதுதான் சிக்கல். வகுப்பு முடிவதை ரயில் நேரத்தோடு பொருத்தினால், பிள்ளைகள் தனித்தனியாகப் போகாமல் கூட்டமாகப் போவார்கள். 7:45ஐ 7:35 ஆக்குவதற்குச் செலவே இல்லை. ரயிலில் பிரச்சினை என்றால் 139.

சுற்றுப்புறத்தில் இன்னும் இரண்டு. மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் கல்வி நிறுவனத்திலிருந்து 50 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக்கூடாது, மற்ற இடங்களில் 100 மீட்டர். புகையிலை விற்பனை 100 கஜத்துக்குள் கூடாது. டேப் பிடித்து அளந்து, படத்தோடு மனுக் கொடுங்கள்.

தமிழ்நாடு காவல்துறையின் "காவல் உதவி" ஆப்பைப் பிள்ளைகள் போனில் ஏற்றச் சொல்லும்போது லொகேஷன் அனுமதி கொடுத்திருக்கிறார்களா, அவசரத் தொடர்பு எண்கள் சேர்த்திருக்கிறார்களா என்று உட்கார வைத்துப் பாருங்கள். சும்மா இறக்கி வைத்தால் போதாது. ஆப் திறக்க நேரமில்லை என்றால் 112. 181 பெண்களுக்கு 24 மணி நேரமும். படத்தை மார்ஃப் செய்து மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930, சாட் பதிவுகளை அழிக்காமல்.

---

எர்த்பிட் பதில்:

சின்னதாக ஒன்று. விளக்குக் கம்பம் புதிதாகப் போடுகிறீர்கள் என்றால் ஜங்ஷன் பாக்ஸைத் தரையோடு வைக்காதீர்கள், தேங்கும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, குறைந்தது 60 செ.மீ. ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்). வாட்டர் கூலருக்கும் அதே. மழையில் ட்ரிப் ஆகிறது என்று அதை பைபாஸ் செய்வார்கள், அங்கேதான் ஆள் சாவது. ட்ரிப் ஆனால் எங்கோ கசிவு இருக்கிறது என்று அர்த்தம், அதைத் தேடுங்கள். டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் எர்த் (மின்கசிவைத் தரைக்குக் கொண்டுபோகும் இணைப்பு) அளவு எடுத்துவிட வேண்டும்.

---

ஏழாம்_பீரியட்:

எல்லோருக்கும் நன்றி. 12 லட்சத்தில் விளக்கு, கேபிளுக்கு 6 லட்சம், பதிவுச் சேமிப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் 3 லட்சம், மீதியில் கேட், விடுதி வாசலுக்கு எட்டே எட்டுப் புதுக் கேமரா என்று எழுதப்போகிறேன். கம்ப எண் பெயின்ட்டுக்கு எங்கள் ஓவிய மன்றமே போதும்.

வெளியுறுப்பினர் மேடம், ஒரு சந்தேகம். முதலாண்டு மாணவியரில் சேரும்போது 17 வயது முடியாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் புகார் கொடுத்தாலும் இதே குழு, இதே 90 நாள்தானா?

---

வெளியுறுப்பினர் பதில்:

இல்லை. சம்பவ நாளில் 18 முடியவில்லை என்றால் அது போக்சோ (சிறார் பாலியல் குற்றத் தடுப்புச் சட்டம்). தெரிந்த உடனே சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர் ஸ்டேஷனுக்கோ சொல்லியாக வேண்டும், 19ஆம் பிரிவு. குழு கூடி ஆராய்ந்து முடிவெடுக்க அதில் இடமில்லை. மறைத்தால் தெரிந்தவருக்கு 6 மாதம்வரை சிறை, நிறுவனப் பொறுப்பாளர் என்றால் ஓராண்டுவரை. குழந்தைகள் உதவி எண் 1098க்கும் சொல்லலாம், குழந்தைக்கு உதவி கிடைக்கும், ஆனால் ஸ்டேஷனுக்குச் சொல்லும் கடமை அதனால் தீராது. புகார்ப் படிவத்தின் முதல் வரியில் பிறந்த தேதியைச் சேர்த்துவிடுங்கள். இப்போது இருக்கும் படிவத்தில் "வகுப்பு, பிரிவு" மட்டும்தான் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.